முப்பத்தோரு கப்பல்களை மூழ்கடித்த மணி

ஓசூரில் கடல் இல்லை. இந்தத் தகவலை ஊரில் அநேகமாக எல்லோரும் ஒரு முறையாவது என்னை ஓரங்கட்டிச் சொல்லியிருக்கிறார்கள். பால்காரர் சொல்லியிருக்கிறார். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் மேசையில் விரித்திருந்த பழைய போர்க்கப்பல் படத்தைப் பார்த்துவிட்டு, சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்காமலேயே சொன்னார். என் மனைவி தளிப் பக்கத்துக் கன்னடக் குடும்பம், அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். அவள் இதைக் கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து இரண்டு மொழிகளில் சொல்லிவருகிறாள்.

நான் ஒரு நாளிதழின் ஓசூர் நிருபர். வாரத்தில் ஆறு நாள் தக்காளி விலை, சிப்காட் கம்பெனி பஸ் நெரிசல், மாநில எல்லையில் மாட்டிக்கொண்ட லாரிகள், ராகிக் காட்டில் இறங்கிய யானைகள் என்று எழுதுவேன். ஏழாவது நாள் கடற்படை வரலாறு. இதற்குப் பின்னால் பெரிய லட்சியம் எதுவும் கிடையாது. சில வருடங்களுக்கு முன்னால் ஞாயிறு இணைப்பில் ராசிபலன் எழுதுபவர் எதிர்பாராத விதமாகப் படுத்துவிட்டார். அரைப் பக்கம் காலி. சேலத்திலிருந்து ஆசிரியர் போன் போட்டு, "ஏதாவது இருந்தா அனுப்புய்யா, யானை மட்டும் வேண்டாம்" என்றார். பெங்களூரு நடைபாதையில் எடை போட்டு வாங்கிய பழைய கடற்படைப் பத்திரிகைக் கட்டு ஒன்று வீட்டில் கிடந்தது. நங்கூரங்களின் வரலாறு என்று ஒன்றை எழுதி அனுப்பினேன். ராசிபலன்காரர் எழுந்து வந்து அடுத்த பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் என் அரைப் பக்கத்திலிருந்து அசையவே இல்லை.

கடலோடு எனக்கு இருக்கும் உறவையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மெரினாவில் இரண்டு முறை நின்றிருக்கிறேன். புதுச்சேரியில் ஒரு முறை முழங்கால் வரை இறங்கி, செருப்பில் ஒன்றைக் கடலுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒகேனக்கலில் பரிசலில் ஏறினேன். பரிசல்காரர் ஒரு சுற்றுச் சுற்றியதும் காலையில் தின்ற இட்லி முழுவதும் காவிரிக்குப் போயிற்று. அடுத்த ஞாயிறு "புயலில் மாலுமிகளின் மன உறுதி" என்ற கட்டுரை வந்தது. நன்றாக இருந்ததாகப் பல பேர் சொன்னார்கள்.

உண்மையிலேயே கப்பலில் வேலை பார்த்த ஒரே ஒருவரைத்தான் இந்த ஊரில் எனக்குத் தெரியும். அவர் சங்ககிரிப் பக்கத்துக்காரர். பதினைந்து வருடம் கடற்படைக் கப்பல்களில் இன்ஜின் அறையில் இருந்துவிட்டு, இப்போது சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டியாக இருக்கிறார். திங்கட்கிழமை நான் அந்த வழியாகப் போனால் கேட்டைத் திறப்பதற்கு முன் கட்டுரையைத் திறப்பார்.

"ஏன் சார், பீரங்கி வெடிச்சதும் கப்பல் பத்தடி பின்னால போச்சுன்னு எழுதியிருக்கறீங்க. அது கப்பலா, தள்ளுவண்டியா?"

"புத்தகத்துல அப்படித்தாங்க இருந்துச்சு."

"புத்தகம் கப்பல்ல போயிருக்குதா?"

ஒருநாள் கடலைப் பற்றி உருக்கமாக ஏதாவது சொல்லுவார் என்று நோட்டும் கையுமாகப் போய் நின்றேன். "பதினஞ்சு வருசத்துல நான் கடலைப் பாத்ததே கம்மி சார். இன்ஜின் ரூமுக்கு ஏது ஜன்னல்?" என்றார். அதை நான் எழுதவில்லை. வாசகர்கள் எதிர்பார்க்கும் கடல் அது இல்லை.

இனி மணிக்கு வருகிறேன்.

சிப்காட்டுக்குப் பின்புறம் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் ஒருவர் தூத்துக்குடிக்காரர். என் கட்டுரைகளைத் தவறாமல் படிப்பவர். ஒருநாள் போன் செய்தார். "சார், நம்ம யார்டுல ஒரு பெரிய மணி கெடக்கு. நங்கூரம்லாம் போட்டிருக்கு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்."

போனேன். மதியச் சாப்பாட்டுக்கு ஆட்களைக் கூப்பிட அதைத் தகரக் கொட்டகையின் குறுக்குக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். இரண்டு ஆள் சேர்ந்து பிடித்தால்தான் தூக்க முடியும். புளியும் தேங்காய் நாரும் போட்டு நானே தேய்த்தேன். அழுக்குக்குள்ளிருந்து முதலில் ஒரு நங்கூரம் வந்தது. பிறகு பாதி தேய்ந்த எழுத்துகள். என் கைப்பேசி அவற்றைப் பிரெஞ்சு என்றது. அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்கள், மைசூர் மன்னரோடு கூட்டு, கடற்கரையிலிருந்து மலையேறி வந்த படை என்று கதை மொத்தமும் என் தலைக்குள் கொடி கட்டிப் புறப்பட்டுவிட்டது.

டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். உள்பக்கம் ஆணியால் கீறியது போல வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள். எண்ணினேன். முப்பத்தொன்று. மூழ்கடித்த எதிரிக் கப்பல்களை மாலுமிகள் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. கோடுகளுக்கு நடுவே, கடைசி மூன்று கோடுகளுக்கு முன்னால், ஒரு வட்டம். அதை நோட்டில் குறித்துக்கொண்டு பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். ஒரு கப்பல் தப்பித்துப் போயிருக்குமோ என்று யோசித்தேன். பொருந்தவில்லை. கட்டுரையில் வட்டத்தை விட்டுவிட்டேன். பத்திரிகைக்கு அனுப்பிய படத்திலும் வட்டம் தெரியாதபடி ஓரத்தை வெட்டினேன்.

இந்த மணி எங்கிருந்து உங்கள் கடைக்கு வந்தது என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆராய்ச்சி அன்றைக்கே முடிந்திருக்கும். ஆராய்ச்சியாளன் என்பதால் நான் கேட்கவில்லை.

கட்டுரைக்கு முன்பே செக்யூரிட்டிக்காரரை அழைத்துப்போய்க் காட்டியிருந்தேன். அவர் மணியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். உள்ளே கைவிட்டு விளிம்பைத் தடவினார்.

"கப்பல் மணில நாக்கைக் கவுத்துல கட்டி ஒரே பக்கம் அடிப்போம் சார். இது ரெண்டு பக்கமும் தேஞ்சிருக்குது. ஆடி ஆடி அடிச்ச மணி இது."

"கப்பலும் ஆடுமில்லைங்களா?"

அவர் விளிம்பிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். "அப்பறம் இன்னொண்ணு. முப்பத்தொரு கப்பலை முழுங்கின கப்பலு. அதோட பேரு ஒருத்தனுக்கும் தெரியாதா?"

"அதுதான் வரலாற்றின் மர்மம்" என்றேன். இதை அப்படியே கட்டுரையின் கடைசி வரியாகவும் வைத்தேன்.

கட்டுரை போட்ட போடு இருக்கிறதே! என் வாழ்க்கையில் அப்படி ஒரு வாரம் வந்ததில்லை. காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு மாங்காய் வியாபாரி போன் செய்து, எங்கள் தோப்பில் ஒரு பழைய இரும்புக் குழாய் இருக்கிறது, பீரங்கியாக இருக்குமா என்று கேட்டார். சென்னையிலிருந்து ஒரு பதிப்பாளர், கட்டுரைகளைப் புத்தகமாகப் போடலாம், அட்டையில் மணி என்றார். பெங்களூருவில் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரிகளின் மன்றம் ஒன்று, மணியைத் தங்கள் கூடத்தில் வைக்கக் கேட்டது. கடைக்காரர் காசு எதுவும் வேண்டாம், பேப்பரில் தன் போட்டோ வந்தால் போதும் என்றார். வருகிற சனிக்கிழமை வண்டி வரும் என்று முடிவாயிற்று. அதையும் செய்தியாக எழுதிப் போட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள்.

ஜெராக்ஸ் கடை மாடியில்தான் என் அலுவலகம். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள். நீலச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, முப்பது வயது இருக்கும். கையில் என் கட்டுரை நான்காக மடித்து இருந்தது. கையெழுத்து வாங்க வந்திருக்கிறாள் என்று நினைத்துப் பேனா மூடியைத் திறந்தேன்.

"சார், இந்த மணி கப்பலோடது இல்லைங்க. எங்க ஊரு கோயிலோடது."

தளிக்குப் போகும் வழியில் உள்ளே இருக்கும் ஒரு கிராமத்தைச் சொன்னாள். ரோஜாவும் முட்டைக்கோசும் விளைகிற குளிர்ந்த ஊர். பாதிப் பேர் கத்தோலிக்கர்கள். முன்பு எல்லோரும் கூலி வேலை, இப்போது வீட்டுக்கு ஒருவர் சிப்காட்டில்.

நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். நிபுணர்கள் அப்படித்தான் சாய்வார்கள். "அதுல நங்கூரம் இருக்குதேம்மா."

"எங்க பீடத்துலயும் நங்கூரம் இருக்குதுங்க. சிலுவை, நங்கூரம், இதயம். விசுவாசம், நம்பிக்கை, அன்பு. சின்னப் புள்ளைங்க மறைக்கல்வில படிக்கறதுதான் சார் இது."

"எழுத்து பிரெஞ்சு எழுத்து."

"பழைய சாமியாருங்க பிரான்சுல இருந்து வந்தவங்க. எங்க கல்லறைத் தோட்டத்துல வந்து பாருங்க, பூரா அந்த எழுத்துதான். அவங்களும் கப்பலா?"

நான் கொஞ்சம் நேராக உட்கார்ந்தேன். அவள் நிறுத்தவில்லை. பழைய கோயிலை இடித்துப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தபோது மணியை இறக்கிச் சாக்கில் சுற்றி ஒரு கொட்டகையில் வைத்தார்களாம். காண்ட்ராக்டர் கழித்துப்போட்ட பழைய இரும்பும் அதில்தான் கிடந்ததாம். கொட்டகைச் சாவி அவளுடைய அப்பாவிடம் இருந்தது. அவர்தான் அந்தக் கோயிலில் மணியடிப்பவர். ஒருநாள் பார்த்தால் மணி இல்லை.

"அவுருதான் வித்துட்டாருன்னு ஊரே பேசிக்கிச்சு சார். மூஞ்சிக்கு நேரா ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா பதிலாவது சொல்லியிருப்பாரு. ரெண்டு வருசமா எங்க கோயில் பக்கமே வர்றதில்ல. ஞாயித்துக்கிழமை ஆனா பஸ் ஏறி ஓசூருக்குப் பூசைக்குப் போயிடறாரு. வர்ற ஞாயித்துக்கிழமை புதுக் கோயில மந்திரிச்சுத் தொறக்கறாங்க. மணிக்குப் பதிலா ஒலிபெருக்கில சத்தம் போடறாங்களாம். நீங்க இதைக் கப்பல் மணின்னு எழுதிட்டீங்க. சனிக்கிழமை பெங்களூரு போகுதுன்னும் எழுதிட்டீங்க. போயிடுச்சுன்னா எங்கப்பா சாகற வரைக்கும் திருடன்தான்."

"உள்ளே முப்பத்தோரு கோடு இருக்குதே, அது…" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"எங்கப்பா கிழிச்சதுங்க. ஈஸ்டருக்கு முந்தி வர்ற பெரிய வியாழக்கெழமை சாயந்திரம் பூசைல மணிய அடிச்சதும் நாக்கைத் துணியால கட்டிருவாங்க. சாமி பாடுபட்ட நாளு, அதனால சனிக்கெழமை ராத்திரி பாஸ்கா பூசை வரைக்கும் மணி பேசக்கூடாது, மரக்கட்டையத்தான் தட்டுவாங்க. கட்டறப்ப எல்லாம் உள்ள ஆணியால ஒரு கோடு போடுவாரு. வருசத்துக்கு ஒண்ணு."

ஆக, என் மாலுமிகள் முப்பத்தோரு கப்பல்களை மூழ்கடித்த வீரத்தின் கணக்கு, ஒரு மணி வாயை மூடிக்கொண்டிருந்த நாட்களின் கணக்கு. இருந்தாலும் கோடுகளைத்தான் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறேனே, அதைப் படித்துவிட்டு யார் வேண்டுமானாலும் சொல்லலாமே என்று ஒரு ஓரத்தில் கெட்டிக்காரத்தனம் வந்தது.

"கோடு மட்டும்தானா?" என்றேன்.

"ஒரு வட்டம் இருக்கும். கொரோனா வருசம். கோயிலப் பூட்டிட்டாங்க. மணி அடிக்கவே இல்ல, அப்பறம் என்னாத்தக் கட்டறது? கட்டாத வருசத்துக்குக் கோடு போட்டா பொய்யாயிடும்னு, தொறந்ததுக்கப்பறம் ஒரு வட்டம் போட்டாரு. அதுக்கப்பறம் மூணு கோடு. உங்க போட்டோல அந்த எடம் இல்ல சார். நான் எம்புட்டோ பெருசு பண்ணிப் பாத்தன்."

நோட்டு மேசை மேல்தான் இருந்தது. அதன் மேல் மெதுவாக முழங்கையை வைத்தேன்.

"நான் இன்ஸ்பெக்‌ஷன்ல வேலை பாக்கறன் சார். பீஸ்ல தப்பு கண்டுபிடிக்கறதுதான் என் வேலை. தப்புன்னா சிவப்புச் சீட்டு ஒட்டித் தனியா எடுத்து வெச்சிருவோம். அதைச் செஞ்ச ஆளைத் திட்ட மாட்டோம்." கட்டுரையை மேசையில் வைத்தாள். "நீங்க ஒருக்கா மணியப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று அடுத்த பஸ்ஸுக்கு ஓடினாள்.

பார்க்க என்ன இருக்கிறது? அந்த வட்டத்தைப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். கீறியவர் ஒருவர், மறைத்தவன் ஒருவன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் சனிக்கிழமை வண்டி வரும், மணி போகும், புத்தகம் வரும். வட்டத்தைப் பற்றிக் கேட்டால், அழுக்கு என்று நினைத்தேன் என்று சொல்லிவிடலாம். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க இந்த வாக்கியத்தை நன்றாகச் செதுக்கிக்கொண்டு போனேன். என் கட்டுரைகளில் எந்த வாக்கியத்துக்கும் அவ்வளவு உழைத்ததில்லை.

மனைவி எட்டாம் வகுப்புச் செய்முறை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன், பாதியை விட்டுவிட்டு. அவள் தலையைத் தூக்கவில்லை.

"ஏன்ரீ, மொத நாளு போட்டோ காமிச்சீங்களே, அதுல ஒரு வட்டம் இருந்துச்சே. பேப்பர்ல காணோமே?"

"அது… சரியா விழலை."

"எங்க பசங்களும் இதைத்தான் பண்றாங்க. கிராப் போடறப்ப ஒரு புள்ளி கோட்டுல ஒக்காரலைன்னா ரப்பர் போட்டு அழிச்சிருவாங்க. நான் முட்டை போடுவன்." ஒரு நோட்டில் பெரிதாகச் சிவப்பு மையில் சுழித்துக் காட்டினாள். அதுவும் வட்டம்தான். "ஊட்டா மாடி" என்றாள். சாப்பிடுங்கள் என்று அர்த்தம்.

காலையில் முதல் வேலையாகக் கடைக்காரரிடம் போனேன். மணி எங்கிருந்து வந்தது என்று, கேட்க வேண்டிய கேள்வியை ஒரு மாதம் கழித்துக் கேட்டேன்.

"தளிப் பக்கம் ஒரு காண்ட்ராக்டர் லோடு சார். பழைய கம்பி, சிலுவை போட்ட இரும்பு கேட்டு ஒண்ணு, எல்லாம் ஒரே லாரியில வந்துச்சு. மணி சாக்குக்குள்ள கெடந்துச்சு. லாரிக்காரனுக்கே தெரியாது."

"சிலுவை போட்ட கேட்டு வந்துச்சுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க."

"நீங்க எங்க கேட்டிய?" அந்தப் பெண் வந்து சொன்னதைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "எங்க ஊரு கோயில்லயும் நங்கூரம் உண்டும் சார். பாத்த ஒடனே எனக்குக் கோயில் மணியோன்னுதான் தோணுச்சு. நீங்க பெரிய ஆளு, கப்பல்னு சொல்லுதிய, நமக்கு என்ன தெரியும்னு வாய மூடிக்கிட்டேன். ஐயோ மாதாவே, கோயில் மணிய அடிச்சுல்லா பயலுவளச் சோத்துக்குக் கூப்பிட்டிருக்கேன்!" அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். மணியை ஊருக்கு நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று அவர்தான் முதலில் சொன்னார். அதற்கு எனக்கு ஒரு இரவு முழுவதும் தேவைப்பட்டிருந்தது.

பிறகு ஆசிரியருக்குப் போன் போட்டேன். ஞாயிறு இணைப்பு வியாழக்கிழமை மதியமே அச்சுக்குப் போய்விடும்.

"திருத்தம்தானே? ஏழாம் பக்கத்துல மூணு வரி போட்டுடறன்."

"கட்டுரை அரைப் பக்கம் வந்துச்சு சார். திருத்தமும் அரைப் பக்கம் வேணும். அதே எடத்துல."

"அரைப் பக்கத்துக்கு நான் முட்டாள், நான் முட்டாள்னு எழுதுவியாய்யா? அதுக்கு யானையே பரவாயில்ல."

"நல்லா எழுதறன் சார். எனக்குத் தெரிஞ்ச விஷயம்."

அந்தப் பக்கம் சிரித்துவிட்டார். "சரி, முழுசையும் சொல்லு. பாதி சொல்லாத" என்று வைத்தார். எழுதினேன். நங்கூரம், பிரெஞ்சு எழுத்து, லாரி லோடு, கோடுகள், எல்லாம். வெட்டாத படத்தையும் அனுப்பினேன், வட்டத்தோடு. வட்டத்தை வேண்டுமென்றே விட்டேன் என்ற வரியை மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்து, நான்காம் முறை அழிப்பதற்குள் அனுப்பிவிட்டேன்.

பெங்களூரு மன்றத்துக்குச் சொன்னபோது எனக்குக் கிடைத்த பதிலை மட்டும் இங்கே பதிவு செய்ய வேண்டும். செயலாளராக இருந்த ஓய்வுபெற்ற அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, பித்தளைப் பலகையில் முப்பத்தோரு கப்பல்கள் என்று ஏற்கெனவே பொறித்தாகிவிட்டது, அதற்குப் பொருத்தமாக வேறு மணி ஏதாவது உங்கள் பக்கம் கிடைக்குமா என்று கேட்டார். வரலாற்றை நான் மட்டும்தான் இப்படி எழுதுகிறேன் என்று அதுவரை வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். பதிப்பாளர் அதன்பிறகு என் போனை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு செக்யூரிட்டிக்காரர் கூப்பிட்டார். "படிச்சன் சார். இத்தனை வருசத்துல இன்னிக்குத்தான் உங்க கட்டுரைல தப்பே இல்ல."

மணியை முந்தின நாளே கடைக்காரர் பளபளவென்று தேய்த்துக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கியிருந்தார். நான் காலையில் பஸ்ஸில் போனேன், பேப்பரில் பத்துப் பிரதியோடு. அந்தப் பெண் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். நேராக வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவளுடைய அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, குடையும் பையுமாக ஓசூர் பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றார்.

"நீதானா அந்தக் கப்பல்காரன்?"

"ஆமாங்க." பேப்பரை நீட்டினேன். வாங்கி, அரைப் பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார். வட்டம் தெரிகிற படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கற. ஆனா இந்த ஊர்ல பேப்பர் படிக்கறவன் நாலு பேரு. மத்தவங்க என்னைப் பத்திப் பேசுனதெல்லாம் வாயில பேசுனது. வாயில பேசுனத எழுத்துல அழிச்சா எப்படிப்பா அழியும்?"

"நான் என்னங்க பண்ணணும்?"

"கோயில்ல நின்னு வாயாலயே படி. நான் வர்றன்."

"எப்பா, ஆயரு வந்திருக்காரு" என்று பிஷப்பைச் சொன்னாள் மகள்.

"வந்தா அவுரும் கேக்கட்டும்."

பங்குச் சாமியார் நல்ல மனிதர். பூசை முடிந்து அறிவிப்பு நேரத்தில் ஐந்து நிமிடம் கொடுத்தார். புதுப் பெயின்ட் வாசனை அடிக்கும் கோயில், நிறைய ஜனங்கள், முன்னால் ஆயர். செருப்பில்லாத காலோடு, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பீடத்துக்குப் பக்கத்தில் நின்று, நான் எப்படி ஏமாந்தேன், யாரை ஏமாற்றினேன் என்பதை மைக்கில் படித்தேன். எதிரிக் கப்பல்கள் வந்த இடத்தில் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். மாலுமிகளின் கணக்கு வந்தபோது கோயிலே சிரித்தது. ஆயர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைப்பது போல வைத்துக்கொண்டார். மணி காண்ட்ராக்டர் லோடில் தெரியாமல் போனது, சாவி வைத்திருந்தவருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை என்ற வரி வந்தபோது மட்டும் சிரிப்பு நின்றது. அந்த வரியை இரண்டு முறை படித்தேன். கடைசி பெஞ்சில் குடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அவர் இரண்டு முறையும் தலையை ஆட்டினார்.

வெளியே வந்ததும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "பேப்பர்காரங்களே இப்படித்தாம்ப்பா." "ஒரு மனுசன் மானத்தோட வெளையாடலாமா சார்?" மணி காணாமல் போனது நான் அதைப் பார்ப்பதற்கு இரண்டு வருடம் முன்னால் என்று சொல்ல வாயெடுத்தேன். யாருக்கும் அது தேவைப்படவில்லை. ஊர் இரண்டு வருடம் சுமந்த கெட்ட வார்த்தையை இறக்கிவைக்க ஒரு தலை தேடிக்கொண்டிருந்தது. சொட்டையாக, வசதியாக, என் தலை கிடைத்தது.

அவரிடம் மன்னிப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. மீசை வைத்த ஒரு பெரிய மனிதர் மட்டும் வந்து அவர் தோளில் கை போட்டார். "நான் அப்பவே சொன்னனே, இவுரு அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு."

"எப்படா சொன்ன?"

"மனசுல சொன்னன்ணா."

"எனக்குக் காது மந்தம். அடுத்த தடவ கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

கோபுரத்தில் ஏற்ற ஆள் வரவேண்டும் என்பதால் மணியை முற்றத்தில் இரும்புச் சட்டம் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் அதன் கீழே குனிந்து தலையை உள்ளே விட்டார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. மகள் பக்கத்தில் போய் நின்றாள்.

"எப்பா?"

"எல்லாம் இருக்குது" என்றது மணிக்குள்ளிருந்து ஒரு குரல். கொஞ்சம் கம்மியிருந்தது. மணிக்குள் பேசினால் அப்படித்தான் கேட்குமோ என்னவோ. பிறகு வெளியே ஒரு கை மட்டும் நீண்டது. "ஆணி ஒண்ணு குடு."

பந்தல் போட்டவர்களிடம் ஒரு ஆணி வாங்கிக் கொடுத்தேன். கை உள்ளே போகவில்லை.

"ஏம்ப்பா கப்பலு, உன்ன ஒண்ணு கேக்கணும். இது இங்க இல்லாம ரெண்டு பெரிய வியாழன் போச்சு. கட்டியிருந்தா கோடு. கோயிலப் பூட்டியிருந்தா வட்டம். மணியே ஊர்ல இல்லைன்னா என்னா போடறது?"

நான் ஆராய்ச்சியாளன் அல்லவா, யோசிப்பது போல நின்றேன். அவர் காத்திருக்கவில்லை. உள்ளே கிர்கிர்ரென்று கீறுகிற சத்தம் கேட்டது. முடித்துவிட்டு வெளியே வந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "பாரு" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் பாய்மரத்தோடு இரண்டு சின்னக் கப்பல்கள். படகு என்றே சொல்லலாம், பாய்மரம் கொஞ்சம் கோணல்.

"இதைப் பாத்துட்டு நாளைக்கு எவனாவது ஏமாந்துறப் போறானுங்க" என்றேன்.

"ஏமாறட்டுமே. நூறு வருசம் கழிச்சும் உன்னாட்டம் ஒருத்தன் இந்த ஊருக்கு வருவான். அவன் பொழப்பும் ஓடணும் இல்ல?" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். "காதப் பொத்திக்க."

நான் பொத்திக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து வெகுநேரம் வரை மனைவி பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. ஓசூரில் கடல் இல்லை என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.